ஜிபிஎஸ் வாங்கினது ஆப்ல, வித்தது யாரு?

கேள்வி: வணக்கம் அக்கா. நமக்கு தங்கச்சிமடம். சொந்தமா ஒரு ஃபைபர் வள்ளம் வச்சு நானும் மச்சானும் தொழிலுக்கு போறோம், கூட ரெண்டு பேர் வருவாங்க. பழைய ஜிபிஎஸ் ரிப்பேர் ஆகிட்டதால ஒரு பெரிய ஷாப்பிங் ஆப்ல கையில வச்சுக்கிற மாடல் ஒண்ணு 18,499 ரூபாய்க்கு எடுத்தேன். வெளிய கடையில 24,000க்கு மேல சொன்னாங்க. பார்சல் வந்த அன்னைக்கு வாசல்ல நின்னு ஆன் பண்ணி பாத்தேன், சாட்டிலைட் நல்லா எடுத்துச்சு. ரெண்டாவது தடவை கடலுக்கு கொண்டு போனப்ப ஸ்கிரீனுக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு பாயிண்ட் எல்லாம் தாறுமாறா காட்டுது. மதுரை சர்வீஸ் சென்டர்ல கொடுத்தா, இது இந்தியாவுக்குன்னு வந்த பீஸே இல்ல, முன்னாடியே யாரோ பிரிச்சு ஒட்டியிருக்காங்க, வாரண்டி வராதுன்னுட்டாங்க. ஆப்ல கேட்டா 7 நாள் ரிட்டர்ன் முடிஞ்சிருச்சு, நாங்க வெறும் பிளாட்ஃபார்ம், செல்லரை கேளுங்கன்றாங்க. செல்லர் டெல்லி, போனே எடுக்கல. போட்டுக்கு வாங்கினது கமர்ஷியல், கன்சூமர் கேஸ் எல்லாம் போட முடியாதுன்னு சாட்ல ஒருத்தர் சொன்னார். டெல்லி போய்த்தான் கேஸ் போடணுமா? இன்னொண்ணு, அதே ஆப்ல வாக்கி டாக்கி ஜோடி 3,200க்கு கெடக்கு, ரிவ்யூவும் நல்லா இருக்கு, வாங்கலாமா? பில்லு, டப்பா போட்டோ எல்லாம் அனுப்பியிருக்கேன்.

பதில்: தம்பி, டெல்லிக்கு போக வேணாம். ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துலயே போடலாம், உங்க தொகைக்கு ஃபீஸும் கிடையாது. போட்டுக்கு வாங்கினதால நீங்க கன்சூமர் இல்லன்னு சாட்ல சொன்னது தப்பு. வாக்கி டாக்கியை தொடாதீங்க. அவசரத்துக்கு இவ்வளவு போதும், மீதியை கடலுக்கு போகாத நாளா பாத்து நிதானமா படிங்க, ஏன்னா உங்க பில்லையும் டப்பா போட்டோவையும் பெருசு பண்ணி பாத்ததுல சொல்ல வேண்டியது நெறைய கெடக்கு.

முதல்ல நீங்க யார்கிட்ட வாங்கினீங்கன்றதை தெளிவு பண்ணிக்குவோம். ஆப்கிட்ட வாங்கினதா நெனைக்கிறீங்க, எங்கிட்ட வர்ற முக்கால்வாசி பேரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா நம்ம நாட்டு விதிப்படி வெளிநாட்டு முதலீடு உள்ள மார்க்கெட்பிளேஸ் கம்பெனி தன் சொந்த சரக்கை நேரா நமக்கு விக்க முடியாது, இங்க தயாராகிற சாப்பாட்டு சாமான் மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்கு தவிர. 2018 டிசம்பர்ல மத்திய அரசு ‘பிரஸ் நோட் 2’ போட்டு 2019 பிப்ரவரி 1ல இருந்து இதை இன்னும் இறுக்கினாங்க, ஒரு செல்லர் வாங்குற சரக்குல 25 சதவீதத்துக்கு மேல அந்த மார்க்கெட்பிளேஸ் கம்பெனி இல்லன்னா அதோட குரூப் கம்பெனிகிட்ட இருந்தே வந்தா அது செல்லர் சரக்கா கணக்கில்ல, மார்க்கெட்பிளேஸோட சரக்குன்னே எடுத்துக்குவாங்க. அதனால அமேசான்லயோ ஃப்ளிப்கார்ட்லயோ நீங்க பாக்கிற ஜிபிஎஸ், மிக்சி, செருப்பு எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு செல்லர் இருந்தே ஆகணும். சந்தை நடத்துறவர் வாசல்ல பெரிய போர்டு வச்சிருக்காரு, உள்ள கடை விரிச்சிருக்கிறது வேற ஆளு. அந்த விதியிலயே வாரண்டி, கேரண்டி எல்லாம் செல்லர் பொறுப்புன்னும் எழுதியிருக்கு, உங்களுக்கு சாட்ல ‘நாங்க வெறும் பிளாட்ஃபார்ம்’னு வந்த பதிலோட வேர் அங்கதான் இருக்கு. அது பாதி உண்மை. மீதி பாதியை அவங்களா சொல்ல மாட்டாங்க, அதுக்கு பின்னாடி வர்றேன்.

நீங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல ஒண்ணு கவனிச்சேன். ஒரே பேஜ்ல மூணு செல்லர், அதுல விலை கம்மியா இருந்தவரை தட்டியிருக்கீங்க. படம் ஒண்ணுதான், விவரம் ஒண்ணுதான், 4.3 ஸ்டாரும் ஒண்ணுதான். அந்த ஸ்டார் பொருளுக்கு போட்டது தம்பி, செல்லருக்கு போட்டதில்ல. போன வருஷம் வேற ஒரு நல்ல செல்லர்கிட்ட ஒரிஜினல் வாங்கினவங்க எழுதின ரிவ்யூவை படிச்சிட்டு நீங்க நேத்து வந்த செல்லர்கிட்ட பணம் கட்டியிருக்கீங்க. செல்லர் பேரு சின்ன எழுத்துல கெடக்கும், அதை தட்டினா தனி பக்கம் வரும், அங்க அவருக்குன்னு தனி ரேட்டிங் இருக்கும், கடைசி ஒரு மாசம், மூணு மாசம்னு பிரிச்சு காட்டுற ஆப்பும் இருக்கு. அதையும் மொத்த ஸ்டாரை பாத்து விட்டுடாம ஒத்த ஸ்டார் போட்டவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கணும். டெலிவரி லேட்டுன்னு திட்டியிருந்தா பரவால்ல. ‘பழைய பீஸ்’, ‘சீல் உடைஞ்சிருந்துச்சு’, ‘வாரண்டி ரிஜிஸ்டர் ஆகல’ன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தாலே நான் அந்த செல்லரை விட்டு வெளிய வந்துருவேன், அவர் எம்புட்டு கம்மியா கொடுத்தாலும்.

அப்புறம் ஆப்ல பொருள் பேருக்கு பக்கத்துல வர்ற அந்த நீல நிற பேட்ஜ், நம்ம ஆளுங்க அதை ஐஎஸ்ஐ முத்திரை ரேஞ்சுக்கு நம்புறாங்க. பெரும்பாலும் அதுக்கு அர்த்தம் சரக்கு ஆப்போட குடோன்ல இருந்து வருது, பேக்கிங்கும் டெலிவரியும் அவங்க பாத்துக்கிறாங்க, வேகமா வரும். உள்ள இருக்கிற பீஸ் ஒரிஜினலா, இந்தியாவுக்கு முறையா இறக்குமதி ஆனதான்னு குடோன்ல யாரும் பிரிச்சு பாத்து சர்டிஃபிகேட் கொடுக்கிறதில்ல.

இப்ப உங்க பில்லுக்கு வர்றேன், கேஸோட உயிரே இதுலதான் இருக்கு. செல்லரோட ஜிஎஸ்டி நம்பர் 07ல ஆரம்பிக்குது, அது டெல்லி. நம்ம தமிழ்நாடுன்னா 33. மொத்தம் 15 எழுத்து, முதல் ரெண்டு மாநிலம், அடுத்த பத்து அந்த ஆளோட பான் நம்பர். ஜிஎஸ்டி போர்ட்டல்ல லாகின் பண்ணாமலே இந்த நம்பரை போட்டா கம்பெனியோட சட்டப்படியான பேரு, ரிஜிஸ்டர் ஆன தேதி, இப்ப உயிரோட இருக்கா கேன்சல் ஆயிருச்சான்னு காட்டும். நான் போட்டு பாத்தேன், நம்பர் இன்னும் ஆக்டிவ்தான், ஆனா நீங்க ஆர்டர் போடுறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் ரிஜிஸ்டர் ஆகியிருக்கு, பேஜ்ல இருக்கிற கடைப் பேரும் போர்ட்டல்ல இருக்கிற பேரும் வேற வேற. நோட்டீஸ் அனுப்புறப்ப போர்ட்டல்ல இருக்கிற பேருக்கும் அட்ரஸுக்கும்தான் அனுப்பணும், ஆப்ல இருக்கிற அலங்காரப் பேருக்கு அனுப்பினா கவர் திரும்பி வந்துரும்.

அடுத்தது பில்லுல பொருள் பேருன்ற இடத்துல மாடல் இல்ல, சீரியல் நம்பர் இல்ல, மொட்டையா ‘எலக்ட்ரானிக் ஆக்சஸரி’ன்னு இருக்கு. பக்கத்துல பொருள் எந்த வகைன்னு காட்டுற எச்எஸ்என் கோடு 8517ன்னு போட்டிருக்காங்க, அது போன் சம்பந்தப்பட்ட சாமான் வகை. ஜிபிஎஸ் மாதிரி வழி காட்டுற கருவி எல்லாம் 8526ல வரும். பேஜ்ல ஜிபிஎஸ்னு வித்துட்டு பில்லுல வேற எதையோ காட்டியிருக்காங்க. ஏன்னு அவங்கதான் ஆணையத்துல சொல்லணும், நமக்கு அந்த வித்தியாசம் இருக்கிறதே போதும்.

டப்பா போட்டோவை நாலு பக்கமும் பாத்தேன், இறக்குமதி பண்ணவர் ஸ்டிக்கரே இல்ல. பேக்கிங்ல வர்ற சாமானுக்கு 2011ல வந்த லீகல் மெட்ராலஜி விதி இருக்கு, அதுப்படி வெளிநாட்டு சரக்குன்னா இந்தியாவுல யார் இறக்குமதி பண்ணாங்க, அவங்க அட்ரஸ், எந்த நாட்டுல செஞ்சது, எந்த மாசம் எந்த வருஷம், எல்லா வரியும் சேந்த எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு நம்பர் இத்தனையும் டப்பா மேல இருக்கணும். 2018 ஜனவரியில இருந்து இதுல முக்காவாசியை ஆப் பேஜ்லயும் காட்டணும். இதெல்லாம் இல்லாம வர்றது பெரும்பாலும் கிரே சரக்கு, அதாவது கம்பெனியோட முறையான இறக்குமதி வழியில வராதது. கீழக்கரை பக்கம் இதை யாருக்கும் வெளக்க வேண்டியதே இல்ல, துபாய்ல இருந்து சூட்கேஸ்ல வந்த சாமானுக்கு இங்க வாரண்டி கேட்டா சர்வீஸ் சென்டர்ல சிரிப்பாங்கன்னு அங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனா தெரிஞ்சே வாங்குறது வேற, ‘1 வருஷ இந்தியா வாரண்டி’ன்னு பேஜ்ல எழுதி வச்சு உங்ககிட்ட வித்தது வேற. அந்த வரி உங்க ஸ்கிரீன்ஷாட்ல இருக்கு, அதை பத்திரமா வைங்க. பேஜை இன்னைக்கே மறுபடி முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுங்க, இந்த மாதிரி செல்லருங்க புகார் வந்தா முதல் வேலையா பேஜைத்தான் தூக்குவாங்க.

தண்ணி எறங்கின விஷயத்துலயும் உங்களுக்கு பலம் இருக்கு. பேஜ்ல ஐபிஎக்ஸ்7னு போட்டிருக்கு. அப்படின்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் கெடந்தாலும் கெடுதல் வர்ற அளவுக்கு தண்ணி உள்ள போகக்கூடாது. டெஸ்ட் நல்ல தண்ணியில நடக்குறது, உப்புத்தண்ணி வேறன்னு அவங்க வாதம் பண்ணலாம், ஆனா ரெண்டாவது தடவையிலயே அலைத்தெறிப்புக்கு உள்ள கோத்துக்கிச்சுன்னா ரப்பர் சீல் முன்னாடியே பிரிஞ்சிருக்குன்னுதான் யாரும் சொல்லுவாங்க. அதனால மதுரை சர்வீஸ் சென்டர்ல வாயால சொன்னதை எழுத்துல வாங்குங்க. ஜாப் ஷீட்ல ரெண்டு வரி போதும், சீரியல் நம்பர் இந்திய விற்பனைக்கு உள்ளதில்ல, பீஸ் ஏற்கனவே திறக்கப்பட்டிருக்கு. தர மறுத்தா அந்த பிராண்டோட இந்திய கஸ்டமர் கேருக்கு சீரியல் நம்பரை போட்டு மெயில் அனுப்புங்க, பதில் மெயில்ல வரும். இந்த ஒரு பேப்பர் இல்லன்னா ஆணையம் பீஸை லேப் டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டி வரலாம், கேஸ் அங்கயே இழுக்கும். பிராண்டு கம்பெனியை எதிர்தரப்பா சேக்கணுமான்னு கேட்டா நான் வேணாம்பேன், இந்த கேஸ்ல அவங்க சொல்றது உங்களுக்கு சாதகமா இருக்கு, அவங்களை எதுக்கு எதிரியாக்கணும்.

சரி, அந்த மீதி பாதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. அதே வாரம் 23ஆம் தேதி இ-காமர்ஸ் விதிகள் தனியா வந்துச்சு. அதுல செல்லருக்கு நேரடியாவே சொல்லியிருக்காங்க, பொருள் பழுதா இருந்தாலோ போலியா இருந்தாலோ விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லன்னாலோ திருப்பி எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு சொல்லக்கூடாது. 7 நாள் கணக்கெல்லாம் மனசு மாறினவங்களுக்கு, கலர் பிடிக்காதவங்களுக்கு ஆப்காரங்க வச்சுக்கிட்ட பாலிசி. உங்களுக்கு வந்தது சொன்ன பொருளே கிடையாது, அதுக்கு புகார் கொடுக்க சட்டம் கொடுக்கிற டைம் 2 வருஷம். ‘ரிட்டர்ன் விண்டோ க்ளோஸ்டு’ன்னு வர்ற மெசேஜை பாத்துட்டு அதோட விட்டுட்டு போறவங்கதான் இங்க அதிகம், அந்த மெசேஜை தீர்ப்பு மாதிரி எடுத்துக்கிறாங்க, எனக்கு அதுல தீராத எரிச்சல்.

ஆப்புக்கும் கடமை இருக்கு. செல்லரோட பேரு, அட்ரஸ், கஸ்டமர் கேர் நம்பர் எல்லாம் வாங்குறதுக்கு முன்னாடியே தெரியுற மாதிரி காட்டணும். வாங்கினதுக்கு அப்புறம் நீங்க எழுத்துல கேட்டா செல்லரோட தலைமை ஆபீஸ் அட்ரஸ், கிளை அட்ரஸ், இமெயில் வரைக்கும் கொடுத்தே ஆகணும். ‘எங்ககிட்ட அந்த டீட்டெய்ல் இல்ல’ன்னு சொல்ல வழியே இல்ல, ஒவ்வொரு செல்லருக்கு பணம் கொடுக்கிறப்பவும் ஜிஎஸ்டியில டிசிஎஸ்னு ஒரு வரி பிடிச்சுத்தான் கொடுக்கிறாங்க, பானும் பேங்க் அக்கவுண்டும் அவங்க கையில இருக்கு. குறைதீர் அதிகாரி ஒருத்தரை போட்டு பேரும் தொடர்பும் ஆப்ல வெளியிடணும், அவருக்கு வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சதுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்.

நீங்க இதுவரைக்கும் பேசினது எல்லாம் சாட்ல. சாட்ல பேசுறவங்க ஸ்கிரிப்ட் பாத்து பதில் போடுறவங்க, அவங்க மேல கோவப்பட்டும் பிரயோஜனம் இல்ல. ஆப்ல ரொம்ப கீழ போனா ‘கிரீவன்ஸ் ஆபீசர்’னு இருக்கும், அந்த மெயிலுக்கு எழுதுங்க. கதையா எழுதாதீங்க. ஆர்டர் நம்பர், தேதி, தொகை, பேஜ்ல சொன்னது இது, வந்தது இது, சர்வீஸ் சென்டர் சொன்னது இது, பில்லுல மாடலும் சீரியலும் இல்ல, டப்பாவுல இறக்குமதியாளர் விவரம் இல்ல, இது விளம்பரத்துல சொன்ன பொருள் இல்ல, அதனால முழு பணம் வேணும், கூடவே 2020 இ-காமர்ஸ் விதிப்படி செல்லரோட முழு விவரமும் வேணும். அவ்வளவுதான். போட்டோவை இணைச்சிருங்க. அதே மேட்டரை செல்லருக்கு ஜிஎஸ்டி அட்ரஸுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மென்ட்டோட ஒரு காப்பி. கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல மட்டும் தேடாதீங்க, அங்க மேல வர்ற நம்பர்ல திருட்டு நம்பரும் கெடக்கு, ரீஃபண்டு தர்றேன்னு ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி மொத்தமா உருவிருவாங்க, அப்புறம் 1930க்கு சைபர் கிரைம் புகார்னு அது ஒரு தனி அலைச்சல்.

மெயில் போட்ட கையோட 1915க்கு அடிங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். அது கோர்ட் கிடையாது, உத்தரவு போட முடியாது, ஆனா பெரிய ஆப் கம்பெனிங்க பல பேர் அதோட இணைஞ்சிருக்காங்க, உங்க புகாரை அந்தப் பக்கம் சாட் ஆளுக்கு மேல உள்ள ஒருத்தர் பாப்பார். என்கிட்ட வர்ற கேஸ்ல சின்ன தொகை எல்லாம் இங்கயே முடிஞ்சு போறதை பாத்திருக்கேன். பணம் கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல டிஸ்ப்யூட் போட ஒரு வழி இருக்கு, நீங்க எப்படி கட்டினீங்கன்னு எழுதல, யுபிஐன்னா அந்த அளவுக்கு பிடி இல்ல.

இதுக்கெல்லாம் அசையலைன்னா ஆணையம். புதுச் சட்டத்துல நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம்னு 34ஆவது பிரிவுல இருக்கு, செல்லர் டெல்லியில இருந்தா என்ன அந்தமான்ல இருந்தா என்ன. கட்டின விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரைக்கும் பாக்கும். இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல வீட்ல இருந்தே அப்லோட் பண்ணலாம், வீடியோ கான்ஃபரன்ஸ்ல விசாரிங்கன்னும் மனு கொடுக்கலாம். வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல, நானே இதை சொல்றேன்னு எங்க வக்கீல் ஆளுங்க கோவிச்சுக்குவாங்க, ஆனா 18,499 ரூபாய் கேஸுக்கு பேப்பர் எல்லாம் சரியா இருந்தா நீங்களே நின்னு பேசலாம். ஸ்கிரீன்ஷாட், சாட், வீடியோ எல்லாம் எலக்ட்ரானிக் சாட்சி, அதுக்கு 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம் 63ஆவது பிரிவுல ஒரு சர்டிஃபிகேட் வைக்கணும், அதை மட்டும் விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டி எழுதிக்கங்க. மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில கூட ஆகும், அதை மனசுல வச்சுக்கிட்டே இறங்குங்க.

கேக்குற தொகையில அடக்கம் வேணும். விலை, வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமா ஒரு தொகை, செலவு. 10 லட்சம் நஷ்டஈடுன்னு எழுதினா ஜட்ஜ் உங்களை பாக்கிற பார்வையே மாறிரும். தொழில் போன நாளுக்கு கணக்கு கேக்கலாம், ஆனா அதுக்கு மீன் ஏல சீட்டு, டீசல் பில்லுன்னு ஆதாரம் வேணும், இல்லன்னா கேக்காம விடுறதே மேல்.

கமர்ஷியல்னு சொன்னாங்களே, அந்த வாதம் ஆணையத்துலயும் கண்டிப்பா வரும், அதனால பதிலை இப்பவே தயாரா வைங்க. சட்டத்துல கமர்ஷியல் தேவைக்கு வாங்கினவர் கன்சூமர் இல்லன்னு இருக்கிறது உண்மை, ஆனா அதுக்கு கீழயே விளக்கம் இருக்கு, சொந்த உழைப்புல பொழப்பு நடத்துறதுக்குன்னு மட்டும் வாங்கினா அது கமர்ஷியல் ஆகாது. 1995ல லக்ஷ்மி இன்ஜினியரிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதை விளக்குறப்ப தானே ஓட்டிப் பொழைக்க ஆட்டோ வாங்கினவர் கன்சூமர்தான்னு உதாரணமே சொல்லியிருக்கு. கூட ஒண்ணு ரெண்டு பேர் உதவிக்கு இருந்தாலும் அது மாறாது. நீங்களும் மச்சானும் வள்ளத்துல ஏறிப் போறீங்க, ஜிபிஎஸ்ஸை கையில பிடிச்சு கடலுக்கடியில பாறை எங்க, இலங்கை பார்டர் எங்கன்னு பாக்கிறதே நீங்க. இதே நாலு விசைப்படகு வச்சு ஆளை விட்டு ஓட்டுற முதலாளின்னா நான் இவ்வளவு தைரியமா எழுத மாட்டேன். ஒண்ணே ஒண்ணு பாத்துக்கங்க, ஆப்ல பிசினஸ் அக்கவுண்ட்னு போட்டு யாரோட ஜிஎஸ்டி நம்பரையாச்சும் கொடுத்து வாங்கியிருந்தா அது சிக்கல், உங்க பில்லுல அப்படி எதுவும் தெரியல. மனுவுல இந்த ஜிபிஎஸ் எதுக்குன்னும் எழுதுங்க, வடகடல்ல, அதான் பாக் நீரிணைப் பக்கம், கொஞ்சம் பாயிண்ட் மாறினா வலையோட போறதா பார்டர் தாண்டி ஆளோட போறதான்னு நம்ம ஆளுங்களுக்கு தெரியும், ஆணையத்துலயும் தெரியாம இல்ல.

ஆப்பையும் சேத்து பிடிக்க முடியுமான்னா, சேக்கணும், எதிர்தரப்பு ஒண்ணு செல்லர், ரெண்டு ஆப். அவங்க ஐடி சட்டம் 79ஆவது பிரிவை காட்டி நாங்க இடையில இருக்கிறவங்கதான்னு சொல்லுவாங்க. அந்த பாதுகாப்பு வேணும்னா அந்த பிரிவுல சொன்ன கடமைகளை ஒழுங்கா செஞ்சிருக்கணும்னு இ-காமர்ஸ் விதியே சொல்லுது. 2022 ஆகஸ்ட்ல ஐஎஸ்ஐ இல்லாத பிரஷர் குக்கரை விக்க விட்டதுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு 1 லட்சம் அபராதம் போட்டு, வித்த 2,265 குக்கரையும் வாங்கின ஆளுங்களுக்கு தகவல் சொல்லி, திருப்பி வாங்கி பணம் கொடுன்னு உத்தரவு போட்டுச்சு, ஒவ்வொரு விற்பனையிலயும் கமிஷன் எடுத்துட்டு பிரச்சனை வர்றப்ப விலகி நிக்க முடியாதுன்ற மாதிரி அதுல சொல்லியிருக்காங்க. அதுக்காக உங்க கேஸ்ல ஆப் கண்டிப்பா பணம் கட்டும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், ஆணையங்கள் ரெண்டு பக்கமும் தீர்ப்பு சொல்லியிருக்கு. நீங்க கிரீவன்ஸ் ஆபீசருக்கு போட்ட மெயிலும் அதுக்கு வந்த, இல்ல வராத, பதிலும்தான் அங்க பேசும்.

வாக்கி டாக்கி. 3,200க்கு ஜோடியா வர்ற செட் பெரும்பாலும் பல அலைவரிசையில பேசுற மாதிரி செட் பண்ணக்கூடியது, சிலது கடல்ல போட்டுங்க பேசுற மரைன் விஎச்எஃப்லயும் போய் விழும், ஆபத்துல கூப்பிடுற 16ஆம் சேனல் அங்கதான் இருக்கு. இந்த மாதிரி ரேடியோ சாமானுக்கு எக்யூப்மென்ட் டைப் அப்ரூவல்னு மத்திய அரசோட டபிள்யூபிசி பிரிவுல ஒப்புதல் வேணும், 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம் குறைஞ்ச பவர்ல ஓடுற சின்ன செட்டுக்கு மட்டும் லைசன்ஸ் விலக்கு, மத்ததுக்கு லைசன்ஸும் வேணும். 2025 மே மாசம் இந்த விவரம் எதுவும் இல்லாம வாக்கி டாக்கி வித்ததுக்கு 13 ஆன்லைன் தளத்துக்கு நோட்டீஸ் போய், ரேடியோ சாமான் விக்கிறதுக்குன்னே தனி வழிகாட்டு விதியும் வந்துச்சு. ரிவ்யூ எழுதினவர் ஏதோ கல்யாண மண்டபத்துல பேசிப் பாத்துட்டு சூப்பர்னு எழுதியிருப்பார். நீங்க பார்டர் பக்கத்துல தொழில் பாக்கிறவர், கோஸ்ட் கார்டோ மரைன் போலீஸோ வள்ளத்துல ஏறி அந்த செட்டை எடுத்தா பேப்பர் கேக்கப் போறது உங்ககிட்ட, டெல்லி செல்லர்கிட்ட இல்ல. ஃபிஷரீஸ் ஆபீஸ்ல கேட்டு, லைசன்ஸ் பேப்பரோட கொடுக்கிற டீலர்கிட்ட மட்டும் வாங்குங்க, விலை கூடத்தான்.

இனிமே 5,000க்கு மேல எதுவும் எடுக்கிறப்ப, பார்சலை பிரிக்கிறதை லேபிள்ல இருந்து ஒரே ஓட்டத்துல வீடியோ எடுங்க. சட்டத்துல அப்படி கட்டாயம் இல்ல, ஆனாலும் எடுங்க. ‘இன்னும் 1 பீஸ்தான் இருக்கு’ன்னு செவப்புல மினுக்கினா அசராதீங்க, பொய்யா அவசரப்படுத்துறதை 2023 நவம்பர்ல வந்த டார்க் பேட்டர்ன் விதியில, அதாவது ஆப்ல நம்மளை ஏமாத்தி வாங்க வைக்கிற தந்திரத்துக்கு எதிரான விதியில, தடையே பண்ணியிருக்காங்க. கடலுக்கு கொண்டு போற சாமானை வந்த வாரமே கொண்டு போய் சோதிங்க, வாசல்ல சாட்டிலைட் எடுத்துச்சுன்னு டப்பாவை தூக்கிப் போட்டுறாதீங்க.

மெயிலும் தபாலும் போனப்புறம் அந்த செல்லர் திடீர்னு போன் பண்ணுவார், இது அனேகமா நடக்கும். பீஸை முதல்ல கூரியர்ல அனுப்புங்க, பாத்துட்டு பணம் போடுறேன்பார். இல்லன்னா பாதி பணம் ஜிபேல போடுறேன், புகாரை எடுத்துருங்கன்னுவார். பீஸை கையை விட்டு அனுப்பாதீங்க, அதுதான் உங்க சாட்சி. ஆப் மூலமா ரிட்டர்ன் பிக்கப் போட்டு, ஆப்லயே ரீஃபண்டு உறுதின்னு எழுத்துல வந்தா மட்டும், சீரியல் நம்பர் தெரியுற மாதிரி வீடியோ எடுத்துட்டு கொடுங்க. ஜாப் ஷீட் வந்ததும் அதையும் மெயில் காப்பியையும் எனக்கு அனுப்பிவிடுங்க தம்பி, மனு எப்படி இருக்கணும்னு பாத்து சொல்றேன்.